பழச்சுவை மூலிகை டீயில் லாட்டே: பால் திரியாமல், தண்ணியாக இல்லாமல் போடுவது எப்படி?

மாலைநேரம்

வணக்கம். ராத்திரி குடிக்க காஃபின் இல்லாத லாட்டே, அதாவது நுரைச்ச பால் சேர்த்த பானம், வேணும். பழச்சுவை மூலிகை டீ பைகளை வச்சுப் போடலாம்னு பார்த்தா மூணு வகையும் மூணு விதமா சொதப்புது. அட்டையில போட்டிருக்கிற சேர்மானம் இது:

பெர்ரி கலவை: செம்பருத்தி, ஆப்பிள் துண்டு, ரோஸ்ஹிப் (ரோஜாச் செடியோட காய்), எல்டர்பெர்ரி, சிட்ரிக் அமிலம், நறுமணப் பொருள்.

பீச்: ரூய்போஸ் (தென்னாப்பிரிக்கச் செந்நிற மூலிகை), ஆப்பிள் துண்டு, நறுமணப் பொருள்.

ஆரஞ்சு வெனிலா: கெமோமைல் (சாமந்தி மாதிரி சின்னப் பூ), ஆரஞ்சுத் தோல், அதிமதுரம், நறுமணப் பொருள்.

செய்முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான். 200 மில்லி கொதிநீர்ல ஒரு பை, 5 நிமிஷம். அப்புறம் 150 மில்லி சூடான பசும்பால். பெர்ரியில பால் ஊத்தின உடனே திப்பிதிப்பியா திரிஞ்சு, நிறமும் சாம்பல் கலந்த ஊதாவா போயிடுது. பீச் திரியல, ஆனா பாலில் தண்ணி கலந்த மாதிரி சப்புன்னு இருக்கு. ஆரஞ்சுல டீயா இருக்கும்போது வர்ற வாசனை பால் சேர்ந்ததும் காணாமப் போயிடுது.

எந்த டீயை எடுக்கணும், அளவு என்ன, ஓட்ஸ் பால் மாதிரி மாத்துப் பால் உதவுமா, ஐஸ் போட்டுக் குடிக்க வேற முறையா? கையில் பேட்டரி நுரைக்கோல் மட்டும்தான் இருக்கு, காபி மெஷின் இல்லை.

கொதிநிலை

மூன்றிலும் நடப்பது வெவ்வேறு கோளாறு, அதனால் மருந்தும் வேறு வேறு. அளவு, நுரை பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். திரிவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாலின் பிஎச் (புளிப்பின் அளவுகோல்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 6.7. அதிலுள்ள கேசீன் புரதம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுருண்டைகளாக மிதக்கிறது. உருண்டைகளின் மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே நிற்கும். அமிலம் சேரச் சேர அந்தத் தள்ளுவிசை குறையும். பிஎச் 4.6-க்கு வந்தால் மின்னூட்டம் தீர்ந்து, உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திப்பியாகிவிடும். சூடான பாலுக்கு அவ்வளவு தூரம் இறங்கவே வேண்டாம். பிஎச் 5-க்குச் சற்று மேலே இருக்கும்போதே திரிந்துவிடும். செம்பருத்தி டீயின் பிஎச் 3-ஐ ஒட்டி இருக்கும். போதாததற்கு உங்கள் பெர்ரி கலவையில் சிட்ரிக் அமிலம் தனியாகவும் சேர்த்திருக்கிறார்கள். எலுமிச்சை பிழிந்து பாலைத் திரிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

நிறமும் அதே காரணத்தால்தான். செம்பருத்தி, எல்டர்பெர்ரி இரண்டின் சிவப்பும் ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்பில் பளீர் சிவப்பு, புளிப்பு குறையக் குறைய வெளிறி ஊதா, காரத்தன்மை (புளிப்புக்கு எதிரானது) ஏறினால் நீலம், பச்சை என்று போகும். பால் புளிப்பைக் குறைத்து வெள்ளையையும் கலப்பதால் அந்தச் சாம்பல் ஊதா. பால் திரியாமலே இருந்தாலும் அந்த நிறம்தான் வரும். படத்தில் காட்டும் ரோஜா நிறப் பெர்ரி லாட்டேக்களில் பெரும்பாலும் பீட்ரூட் பொடியோ பழக்கூழோ இருக்கும்.

ஆகவே முன்பக்கத்துப் பழப் படத்தைப் பார்த்து டீ வாங்காதீர்கள். சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதில் தொடங்கி இறங்கு வரிசையில் இருக்கும். முதல் இரண்டு பெயர்தான் பாலில் நடக்கப்போவதைச் சொல்லும். "ஸ்ட்ராபெரி", "மாம்பழம்", "புளூபெர்ரி" என்று எது எழுதியிருந்தாலும் அடித்தளம் பல நேரம் செம்பருத்தியும் ஆப்பிளும்தான். பெயருக்குரிய பழம் கடைசியில் ஒரு விழுக்காடு இருந்தால் பெரிது. (டீயில் போடுவது அழகுக்கு வளர்க்கும் செம்பருத்தியின் இதழ் இல்லை. புளிப்புக்கென்றே வளர்க்கும் வேறு இனத்தின் சதைப்பற்றான புல்லிவட்டம்.)

பாலுக்கு ஒத்துவருபவை: ரூய்போஸ், தேன்புதர் எனப்படும் ஹனிபுஷ், கெமோமைல், எலுமிச்சைப்புல், லெமன் வெர்பினா, புதினா, அதிமதுரம், வறுத்த சிக்கரி வேர். இவற்றை அடித்தளமாக வைத்து பழ நறுமணம் மட்டும் ஏற்றிய கலவை லாட்டேக்குத் தோதானது. எலுமிச்சைப்புல்லையும் வெர்பினாவையும் பார்த்து எலுமிச்சை என்று பயப்பட வேண்டாம். மணம் மட்டும்தான் எலுமிச்சை, அமிலம் இல்லை.

ஒத்துவராதவை: செம்பருத்தி, ரோஸ்ஹிப், சிட்ரிக் அல்லது மாலிக் அமிலம், எலுமிச்சைச் சாற்றுத் துகள், கிரான்பெர்ரி, பிளாக்கரன்ட் வகையறா. ஆப்பிள் துண்டு நடுவில் நிற்கும். கொஞ்சம் இருந்தால் தொல்லையில்லை, பட்டியலில் முதலிடத்தில் இருந்தால் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

சோதனை இரண்டு நிமிட வேலை. கண்ணாடிக் குவளையில் இரண்டு தேக்கரண்டி சூடான டீ, நான்கு தேக்கரண்டி சூடான பால். கலக்கி, குவளையைச் சாய்த்து, கண்ணாடிச் சுவரில் வழிவதைப் பாருங்கள். வழவழவென்று ஒரே படலமாக வழிந்தால் பிரச்சினை இல்லை. ரவை தூவியது போலப் பொடிப்பொடியாக ஒட்டினால் முழுக் கோப்பையும் திரியும். பிஎச் தாள் இருந்தால் இன்னும் சுலபம்: டீ 5-க்கு மேல் என்றால் தைரியமாகப் போடலாம், 4-க்குக் கீழ் என்றால் சூடான பாலை மறந்துவிடுங்கள்.

பாலோடு சேரும்போது பழத்தின் மணம் வேண்டும், புளிப்பு வேண்டாம். இதைப் பிடித்துக்கொண்டால் எந்த டப்பாவை எடுப்பது என்ற குழப்பம் பாதி தீரும்.

நுரைதள்ளி

கொதிநிலை சொன்னதுக்கு மேல திரியறதைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்லை. பீச் ஏன் சப்புன்னு இருக்குன்னு பார்ப்போம்.

ஒரு பைன்னா 2 முதல் 3 கிராம். அது 200, 250 மில்லி தண்ணிக்குன்னு கணக்குப் போட்டுத் தைச்சது. நீங்க அதுக்கு மேல 150 மில்லி பாலை ஊத்தறீங்க. பாலே நூத்துக்கு 87 பங்கு தண்ணிதான். பத்தாததுக்கு பால்ல இருக்கிற கொழுப்பு வாசனையைத் தனக்குள்ள இழுத்துக்கும், மூக்குக்கு வர விடாது. ஆரஞ்சு வாசனை காணாமப் போறதுக்கும் இதுதான் காரணம்; சிட்ரஸ் எண்ணெய்கள் கொழுப்புல நல்லா கரையும். அதனால டீ போடக்கூடாது, டிகாக்‌ஷன் எடுக்கணும்.

ஒரு பெரிய கோப்பைக்கு அளவு: 2 பை, 100 மில்லி தண்ணி, 150 மில்லி பால். பையில்லாத தூளா இருந்தா 5 கிராம். ரூய்போஸ்ல அது குவிச்ச ரெண்டு தேக்கரண்டி. கெமோமைல் பூ பஞ்சு மாதிரி, கரண்டிக் கணக்கு சரிவராது, தராசுல நிறுத்துப் போடுங்க.

தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ஊத்துங்க. பழ, மூலிகை டீக்கு 80 டிகிரி எல்லாம் கிடையாது. பல அட்டைகள்ல கொதிக்கிற தண்ணி ஊத்தி குறைஞ்சது 5 நிமிஷம் ஊற விடணும்னு எச்சரிக்கையாவே போட்டிருப்பாங்க. காய்ஞ்ச செடியில இருக்கக்கூடிய கிருமி சாகறதுக்காக. ஊத்தினதும் தட்டு போட்டு மூடணும். இது சின்ன விஷயமா தெரியும், ஆனா ஆவியோட போற வாசனைதான் நீங்க காசு கொடுத்து வாங்கின பழம். மூடியில நிக்கிற துளிகளையும் திரும்ப கோப்பைக்குள்ளயே வடிச்சிடுங்க.

ஊறுற நேரம் அடித்தளத்தைப் பொறுத்தது. ரூய்போஸ் 8 முதல் 10 நிமிஷம்; அதுல துவர்ப்பு குறைவு, கூட நேரம் கிடந்தாலும் கசக்காது. இன்னும் திடமா வேணும்னா சின்னத் தீயில 3 நிமிஷம் கொதிக்கவே விடலாம். கெமோமைலுக்கு அந்த வேலை ஆகாது. 5, 6 நிமிஷத்துல எடுத்துடணும், தாண்டினா கசப்பு நாக்குல நிக்கும். அடர்த்தி வேணும்னா நேரத்தைக் கூட்டாதீங்க, பையைக் கூட்டுங்க. ரூய்போஸ் தவிர மத்த மூலிகைக்கும் இது பொருந்தும்.

பையை எடுக்கும்போது கரண்டியில வச்சு நல்லா பிழிஞ்சிடுங்க. கறுப்புத் தேயிலைன்னா பிழியாதேம்பாங்க, துவர்ப்பு இறங்கும்னு. இங்க அந்தப் பயம் இல்லை. ஒவ்வொரு பையும் ஓரிரண்டு தேக்கரண்டி சாறைக் குடிச்சு வச்சிருக்கும், அதுதான் இருக்கறதுலயே அடர்த்தியான சாறு. பிழிஞ்சதுக்கு அப்புறம் 85 மில்லி சுமார் தேறும்.

சர்க்கரையை இந்தச் சூட்டுலயே டிகாக்‌ஷன்ல கரைங்க, ஒண்ணரை தேக்கரண்டி. சர்க்கரையே இல்லாத பழ லாட்டே சோப்பு வாசனை மாதிரி அடிக்கும், ஏன்னா இனிப்பு இல்லாத பழ வாசனையை நாக்கு பழம்னு ஒத்துக்காது. முழுக்கத் தவிர்க்க வேண்டாம், குறைச்சுக்கலாம். அதிமதுரம் இருக்கிற உங்க ஆரஞ்சு கலவைக்கு அரைத் தேக்கரண்டி போதும். ஒரு சிட்டிகையில பாதி உப்பு சேர்த்தா பழச்சுவை தூக்கலா வரும். தேன் போடறதா இருந்தா கடைசியில. தேனும் புளிப்புத்தன்மை உள்ளதுதான், திரியற ஓரத்துல நிக்கிற கலவையைத் தள்ளிவிட்டுடும்.

பால் விஷயம். முழுக்கொழுப்புப் பால், குளிர்சாதனப் பெட்டியில இருந்து எடுத்தது. சூடு 60 முதல் 65 டிகிரி. வெப்பமானி இல்லைன்னா, பாத்திரத்தோட பக்கத்துல உள்ளங்கையை வச்சு ஒரு நொடிக்கு மேல வைக்க முடியலைன்னா வந்தாச்சு, இறக்கிடுங்க. 70 தாண்டினா மோர்ப்புரதம் குலைய ஆரம்பிச்சு காய்ச்சின பால் வாசனை வரும். பீச், வெனிலா மாதிரி மெல்லிசான மணத்தை அந்த வாசனை அமுக்கிடும். ஆடை கட்ட விட்டா நுரையும் ஒழுங்கா வராது.

பேட்டரி நுரைக்கோல் தாராளமா போதும். உயரமான குவளையில பாலை மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க. கோலை முதல்ல மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ பிடிச்சு 10 நொடி, காத்து உள்ள போகட்டும். பிறகு அடியில இறக்கி சாய்ச்சுப் பிடிச்சு இன்னொரு 15 நொடி, பெரிய குமிழ் எல்லாம் பொடியாகட்டும். பால் அளவு மூணுல ஒரு பங்கு ஏறினா நிறுத்துங்க. முழுக்க நுரைச்சா அது லாட்டே இல்லை, மேல பஞ்சு கீழ தண்ணி. குவளையை மேஜையில ரெண்டு தட்டு தட்டி, ஒரு சுழற்று சுழற்றினா மினுமினுன்னு பெயின்ட் மாதிரி ஆகும். அப்போ ஊத்தணும், ரெண்டு நிமிஷம் வச்சிருந்தா பிரிஞ்சிடும்.

ஆரஞ்சு வாசனைக்கு ஒரு கொசுறு: ஆரஞ்சுத் தோலோட நிறமுள்ள மேல்பகுதியை மட்டும் சீவி, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு, டிகாக்‌ஷன் ஊறுற கடைசி ரெண்டு நிமிஷத்துல போடுங்க. தோல்ல இருக்கறது எண்ணெய், புளிப்பு சாறுல இருக்கு. அதனால பாலுக்கு ஆபத்தில்லாம பழ வாசனை ரெட்டிப்பாகும். வெள்ளைச் சதை சேர்ந்தா கசக்கும், பார்த்துச் சீவுங்க.

மாலைநேரம்

ரொம்ப நன்றி. பீச், ஆரஞ்சு ரெண்டும் புரிஞ்சது. ஆனா பெர்ரி டப்பா முழுசா இருக்கே, தூக்கிப் போட மனசு வரல. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டா புளிப்பு அடங்கி பால் திரியாதுன்னு ஒரு இடத்துல படிச்சேன். சரியா வருமா? டீ பையை நேரடியா பாலிலேயே போட்டுக் காய்ச்சினா?

கொதிநிலை

இரண்டாவது கேள்விக்கு முதலில். பாலில் நேரடியாகப் போடாதீர்கள். செம்பருத்தி என்றால் பை இருக்கும் இடத்திலேயே அமிலம் குவிந்து அங்கேயே திரியும். ரூய்போஸ் என்றால் திரியாது, ஆனால் பாலில் சாறு மெதுவாகவும் குறைவாகவும்தான் இறங்கும். தண்ணீரில் எடுத்ததைப் பாலில் சேர்ப்பதே சிக்கனம்.

சோடா வேலை செய்யும். ஆனால் "சிட்டிகை" என்பது அளவே இல்லை. 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை முழுதும் அடக்க ஏறக்குறைய 1.3 கிராம் சமையல் சோடா வேண்டும். உங்கள் டிகாக்‌ஷனில் எவ்வளவு அமிலம் இருக்கிறதென்று அட்டையில் எழுதியிருக்காது. எனவே தேக்கரண்டியில் பதினாறில் ஒரு பங்கில், அதாவது சுமார் 0.3 கிராமில் தொடங்குங்கள். பால் சேர்க்கும் முன் டிகாக்‌ஷனில் போட வேண்டும். பொங்கும், ஆகவே பெரிய பாத்திரம். பொங்கி அடங்கியதும் கலக்கி, முன்பு சொன்ன குவளைச் சோதனை. திரிந்தால் இன்னும் அதே அளவு. எட்டில் ஒரு தேக்கரண்டியைத் தாண்டினால் கைவிட்டுவிடுங்கள்.

சரியாக வந்தால் பால் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். சோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து உருவாகும் சோடியம் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக் கேசீன் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். பதப்படுத்திய பாலாடைக்கட்டி வழவழவென்று உருகுவதும் அந்த உப்புகளின் உபயத்தால்தான். இதெல்லாம் வேதியியலாகக் கேட்க நன்றாக இருக்கிறது. கோப்பையில் கிடைப்பது என்ன? சிவப்பு போய் சேற்று நீலம். புளிப்பு போனதால் பெர்ரி என்ற அடையாளமே போய்விடும். லேசான உப்புக்கரிப்பு, ஒரு துகள் கூடினால் சோப்புச் சுவை. சோடியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். என் தீர்ப்பு: முடியும், ஆனால் குடிப்பதற்குரிய காரணம் எதுவும் மிஞ்சாது.

பெர்ரி டப்பாவைக் காப்பாற்ற வேறு மூன்று வழி.

ஒன்று, கலப்பு. ஒரு பெர்ரி பைக்கு இரண்டு வெறும் ரூய்போஸ் பை. பெர்ரி பையை 2 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நறுமணப் பொருள் பையின் துகள்கள் மேல் பூசப்பட்டிருப்பதால் முதலில் இறங்கிவிடும்; புளிப்பின் ஒரு பகுதி தடித்த துண்டுகளுக்குள்ளேயே தங்கும். முழுப் பாதுகாப்பு இல்லை. குவளைச் சோதனை கட்டாயம்.

இரண்டு, பாலை மாற்றுவது. கனமான கிரீமில் கொழுப்பு மிகுதி, கேசீன் குறைவு, அமிலத்தைத் தாங்கும். 200 மில்லி பெர்ரி டீயில் 30 மில்லி கிரீம். இது லாட்டே ஆகாது, ஆனால் சுவை நன்றாக இருக்கும்.

மூன்று, மாவுக்கட்டு. 150 மில்லி குளிர்ந்த பாலில் அரைத் தேக்கரண்டி சோள மாவைக் கரைத்து, கொதி வரும்வரை கிண்டி, கொஞ்சம் கெட்டியானதும் இறக்கி ஆறவிட்டுச் சேர்ப்பது. மாவு புரதங்களுக்கு இடையில் நின்று பெரிய திப்பியாகச் சேரவிடாது. மெல்லிய கஞ்சிப் பதம் வரும். நுரை எதிர்பார்க்காதீர்கள். கடைகளில் விற்கும் புளிப்பான பழப் பால் பானங்களில் இதே காவல் வேலையைப் பெக்டின் (பழத்தோலிலிருந்து எடுக்கும் கெட்டிப்படுத்தி) செய்கிறது. வீட்டில் அதை ஒழுங்காகக் கரைக்கவே பெரும்பாடு.

பாத்திரக்காரி

மாற்றுப் பால் பற்றி யாரும் எழுதவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

சோயா பாலுக்கு ஆசைப்படாதீர்கள். புரதம் பசும்பாலை ஒட்டியே இருக்கிறது, அமிலத்தில் பசும்பாலைப் போலவே, சில நேரம் அதைவிட வேகமாகவும் திரியும். கடின நீரில் இருக்கும் கால்சியம் இன்னும் கெடுக்கும். பாதாம் பாலில் புரதம் சொற்பம், ஆனாலும் சூடும் புளிப்பும் சேர்ந்தால் தண்ணீர் தனியாக, வெண்துகள் தனியாகப் பிரிந்து நிற்கும். குடித்தால் தீங்கில்லை, பார்க்கத்தான் சகிக்காது.

ஓட்ஸ் பால் இந்த வேலைக்குப் பொருத்தம். புரதம் 100 மில்லிக்கு 1 கிராம் சுமார்தான், திரிய அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மாவுச்சத்து உடைந்து வந்த இனிப்பு அதிலேயே இருப்பதால் பழ மணத்தோடு ஒட்டும். "பரிஸ்டா" என்று எழுதியதை எடுங்கள். அதில் தாவர எண்ணெய் கூடுதலாக இருப்பதால் நுரை நிற்கும். அமிலச் சீராக்கியாகப் பொட்டாசியம் பாஸ்பேட் சேர்த்திருப்பார்கள், அது புளிப்பைக் கொஞ்சம் தாங்கும். சாதாரண ஓட்ஸ் பாலைக் கொதிக்கவிட்டால் கொழகொழவென்று ஆகிவிடும், 60 டிகிரியோடு நிறுத்துங்கள். ஒரு குறை உண்டு: ஓட்ஸின் தானிய வாசனை கெமோமைலோடு சேரும்போது வைக்கோல் நெடி போல வரலாம். பீச், ஆப்பிள், வெனிலாவுக்கு அது பலம். ஆரஞ்சு கெமோமைலுக்குப் பசும்பாலே மேல்.

தேங்காய்ப் பால் பெர்ரிக்குப் பொருந்தும். உங்கள் டப்பாவுக்கு நல்ல வழி இதுதான் என்று நினைக்கிறேன். கெட்டியான பால் 50 மில்லி, தண்ணீர் 70 மில்லி, சூடாக்கி நுரைக்கோலால் அடித்து, 100 மில்லி பெர்ரி டிகாக்‌ஷனில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை கரைத்துச் சேர்க்கவும். புரதம் குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருப்பதால் திப்பி கட்டாது. நிறமும் ஊதா கலந்த ரோஜாவாக ஓரளவு நிற்கும். அதையே ஐஸ் போட்டுக் குடித்தால் வேறு தொல்லை: தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரி வாக்கில் உறைந்துவிடும். மெழுகுத் துணுக்குகளாக மிதப்பதைப் பார்த்துப் பால் திரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஐஸுக்கு என்றால் அட்டைப் பெட்டியில் வரும் மெல்லிய தேங்காய்ப் பானம் எடுங்கள், அதில் கொழுப்பும் குறைவு, பிரியாமலிருக்க நிலைப்படுத்தியும் சேர்த்திருப்பார்கள்.

இனி ஐஸ் லாட்டே. குளிரில் பால் அமிலத்தை அதிகம் பொறுத்துக்கொள்ளும், ஆகவே இடைத்தரமான கலவைகள், அதாவது ஆப்பிள் முதலிடத்தில் உள்ளவை, சூட்டில் திரிந்தாலும் குளிரில் தப்பிக்கும். செம்பருத்தி தலைமையில் உள்ளது குளிரிலும் மோர் போலக் கெட்டிப்படும்.

சிரப் முறைதான் சௌகரியம். 150 மில்லி கொதிநீரில் 5 பை, மூடி 10 நிமிடம், பிழிந்து எடுத்துவிட்டு 100 கிராம் சர்க்கரை. சின்னத் தீயில் சர்க்கரை கரையும் வரை மட்டும் சூடாக்கினால் போதும், வற்றவைத்தால் மணம் போகும். கெமோமைல் என்றால் இங்கேயும் 6 நிமிடத்தோடு பையை எடுத்துவிடுங்கள். முழுதும் ஆறி, குளிர்ந்த பிறகு ஒரு உயரமான குவளையில் 40 மில்லி சிரப், நிறைய ஐஸ், அதன் மேல் 150 மில்லி குளிர்ந்த பால் மெதுவாக. சிரப் கனமாக இருப்பதால் அடியில் நிற்கும், பால் மேலே. கலக்கிக் குடிக்க வேண்டும். சூடான டிகாக்‌ஷனை ஐஸ் மேல் ஊற்றிக் குளிரவைக்கலாம் என்று குறுக்குவழி தேடினால் ஐஸ் பாதி உருகி மறுபடி அந்தச் சப்பென்ற பீச் லாட்டேதான் கிடைக்கும்.

இரவு முழுதும் பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கும் முறையை மூலிகை டீக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மேலே நுரைதள்ளி சொன்ன கிருமிக் காரணம் அப்படியே இங்கும் பொருந்தும். கொதிநீரில் எடுத்துக் குளிரவையுங்கள்.

நுரைதள்ளி

பாத்திரக்காரி சொன்னதுல ஓட்ஸும் கெமோமைலும் சேராதுங்கறதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். வெனிலா சேர்ந்திருந்தா அந்த வைக்கோல் வாசனை பிஸ்கட் வாசனையா மாறிடும். அது அவரவர் நாக்கு.

ஊத்துற வரிசையைப் பத்தி யாரும் பேசல. டீக்குள்ள பாலை விட்டா, முதல்ல விழற பால்துளி முழுப் புளிப்புல மாட்டிக்கும். அந்த இடத்துலயே திப்பி உண்டாயிடும், அப்புறம் எவ்வளவு பால் ஊத்தினாலும் கரையாது. பாலுக்குள்ள டீயை நூலா விட்டுக் கலக்கினா கடைசி வரை பால்தான் பெரும்பான்மை. கடைசியில பிஎச் ரெண்டுலயும் ஒண்ணுதான், அதனால செம்பருத்தியை இது காப்பாத்தாது. ஆனா ஆப்பிள் முதலிடத்துல இருக்கிற மாதிரி ஓரத்துல நிக்கிற கலவைக்கு இந்த வரிசை வித்தியாசம் காட்டும். டீயும் கொதிக்கக் கொதிக்க இருக்கக்கூடாது, 70 டிகிரிக்குக் கீழ ஆறட்டும். நுரையை மட்டும் கரண்டியால தடுத்து வச்சுட்டு, கடைசியில மேல சரிச்சிடுங்க.

ரூய்போஸ் மாதிரி புளிப்பே இல்லாததுக்கு இந்தச் சடங்கு எதுவும் வேண்டாம். டீ மேல பாலை ஊத்துங்க, நுரை அழகா நிக்கும்.

மாலைநேரம்

தெளிவா இருக்கு. கடைசியா ரெண்டு. டிகாக்‌ஷனை மொத்தமா போட்டு வச்சுக்கலாமா? இஞ்சி சேர்ந்த பீச் கலவை ஒண்ணு பார்த்தேன், இஞ்சி பாலைத் திரிச்சிடும்னு சொல்றாங்களே?

கொதிநிலை

பச்சை இஞ்சிச் சாற்றில் புரதத்தை வெட்டும் நொதி இருக்கிறது, அது பாலை உறையவைப்பது உண்மை. கொதிநீர் பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். டீ பையில் இருப்பது உலர்ந்த இஞ்சி, அதன் மேல் ஊற்றுவதும் கொதிநீர், ஆகவே கவலை வேண்டாம். உலர்ந்த அன்னாசி, பப்பாளித் துண்டுகளின் நொதிக்கும் இதே பதில். அன்னாசியின் புளிப்பு தனிக் கணக்கு. பச்சை இஞ்சி துருவிச் சேர்ப்பதாக இருந்தால் டிகாக்‌ஷனோடு 3 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டிவிடுங்கள்.

டிகாக்‌ஷன்: சர்க்கரை இல்லாததை மூடிய கண்ணாடிப் புட்டியில், குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள். அதற்கு மேல் கெடாவிட்டாலும் மணம் தட்டையாகிவிடும். மேலே சொன்ன சிரப் ஒரு வாரம் போகும். அதிலுள்ள சர்க்கரை அதைவிட நீண்ட காலம் காக்கும் அளவுக்கு அடர்த்தி இல்லை. பால் கலந்த பிறகு எதையும் எடுத்து வைக்காதீர்கள். மறுபடி சூடாக்கும்போது, முதல் தடவை தப்பித்த கலவையும் திரிந்துவிடும்.

ஆரஞ்சு வெனிலாவில் அதிமதுரம் இருக்கிறது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை இரட்டைப் பை கணக்கில் தினமும் குடிக்கக் கூடாது; அதிலுள்ள கிளிசிரைசின் அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். தினசரிக்கு பீச் ரூய்போஸை வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரக்காரி

சிரப்பைப் புட்டியில் ஊற்றும் முன் நுண்வடிகட்டியில் ஒருமுறை விடுங்கள். பையிலிருந்து கசியும் ஆப்பிள் தூசி அடியில் தங்கிக் கொழகொழப்பாகிவிடும், அதை நுரைக்கோலால் அடித்தாலும் போகாது.